மாமனார் வீட்டு எஞ்சின்

போர்ஷே 911 என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார். 1963-ல் ஜெர்மனியில் முதல் முதலாகக் காட்டினார்கள். அதில் ஒரு விசேஷம், எஞ்சின் பின்னால் இருக்கும். அதைக் கழற்ற வேண்டுமென்றால் மேலே தூக்க முடியாது. கீழேதான் இறக்க வேண்டும். அமெரிக்காவில் சில பேர் லீவு நாளில் இதைத் தங்கள் வீட்டு கராஜிலேயே செய்கிறார்கள். காரின் பின்புறத்தை உயர்த்தி ஸ்டாண்டு கொடுத்து, அடியில் ஜாக்கியைத் தள்ளி, போல்ட்டுகளைக் கழற்றி, எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்த்து சுகப் பிரசவம் மாதிரி இறக்கி, அப்புறம் காரை மேலே தூக்கி, 'குழந்தை'யை வெளியே இழுத்து விடுவார்கள்.

நம்ம ஊரில் இதைச் செய்ய ஒரு சின்ன நடைமுறைச் சிக்கல் உண்டு. முதலில் போர்ஷே வேண்டும். அதை விட்டால், எஞ்சினை இறக்குகிற அளவுக்கு கராஜ் வேண்டும். வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே ஹவுஸ் ஓனரிடம் பர்மிஷன் கேட்கிற ஜாதி நாம்.

ஆனால் ஏழைக்கேற்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நமக்கும் இருந்தது. இரண்டு சக்கரம்தான். யமஹா ஆர்.எக்ஸ்.100. எஸ்கார்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து 1985 கடைசியில் கொண்டு வந்தார்கள், 1996-ல் நிறுத்தினார்கள். 98 சி.சி., 11 குதிரை, கிட்டத்தட்ட 100 கிலோ வண்டி. குதிரைக்குப் பத்து கிலோகூட வராத கணக்கு. சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்தில் நின்றவன் ரிவர்ஸில் போவது போலத் தோன்றும். அந்த 'டர்ர்ர்' சத்தத்துக்காகவே காதலித்தவர்கள் (வண்டியைத்தான்) இன்னமும் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். 2018-ல் தெலுங்கில் 'ஆர்.எக்ஸ் 100' என்று சினிமாவே வந்தது. பஸ்ஸுக்கோ ஸ்கூட்டருக்கோ அந்த மரியாதை கிடைத்ததாக நினைவில்லை.

என் மாமனாரிடம் ஒன்று இருக்கிறது. 1991-ல் ஆபீஸ் லோன் போட்டு, 36 தவணை கட்டி வாங்கினது. பெண்டாட்டியைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும், பெண்ணை (அதாவது, பிற்காலத்தில் என் மனைவி) ஸ்கூலில் விட்டதும், டைவோர்ஸ் ஆகாமல் மாப்பிள்ளை பார்த்ததும் எல்லாம் அதில்தான். குரோம்பேட்டையில் அவர் வீட்டு கார் ஷெட்டில் கார் கிடையாது, இதுதான் நிற்கும். ரிட்டையர் ஆன பிறகும் தினம் காய்கறி வாங்க அதில்தான் போவார். போன வருஷம் அது வெள்ளைப் புகையாகக் கக்க ஆரம்பித்தது. கொசு மருந்து வண்டி என்று நினைத்துத் தெருப் பையன்கள் பின்னாலேயே ஓடினார்கள். அப்புறம் ஒரு நாள் ஸ்டார்ட் ஆகவே இல்லை.

வழக்கமான ஒர்க்‌ஷாப்பில் தள்ளிக்கொண்டு போய் விட்டோம். (பேர் வேண்டாம். இந்தப் பத்திரிகை அங்கேயும் வாங்குகிறார்கள்.) ஒர்க்‌ஷாப்காரர் கிக்கரை இரண்டு உதை உதைத்தார். காதை வைத்துக் கேட்டார். டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"கேஸ் போச்சு ஸார். கிராக் விட்டிருக்கு. கேஸ் மாத்தணும்."

"எஞ்சினைப் பிரிக்கவே இல்லையே, எப்படித் தெரியும்?"

"அனுபவம் ஸார். வேற கேஸ் நானே போட்டுத் தரேன். பழசை நீங்க எடுத்துட்டுப் போய் என்ன பண்ணப் போறீங்க, அதை நானே வெச்சுக்கறேன், பில்லுல கழிச்சுக்கலாம்."

இங்கேதான் என் மூளைக்குள்ளிருந்த பி.காம். விழித்துக்கொண்டது. உடைந்து போன பொருளைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிற வியாபாரி உலகத்தில் எங்கேயும் கிடையாது.

விஷயம் இதுதான். ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் என்று இரண்டு இருக்கிறதல்லவா? எஞ்சின் நம்பர் பிஸ்டனிலோ சிலிண்டரிலோ இருக்காது. கிராங்க் கேஸ் எனப்படும் அலுமினிய வயிற்றில் குத்தியிருப்பார்கள். பிஸ்டன் மாற்றலாம், போர் மாற்றலாம், கிராங்க் மாற்றலாம், சட்டப்படி அது அதே எஞ்சின்தான். கேஸ் மாறினால் போச்சு. வேறு ஆளாகி விடும். பதினைந்து வருஷம் ஆன வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் குனிந்து நம்பரைப் பார்க்கும்போது புத்தகத்தில் ஒன்றும் வண்டியில் ஒன்றும் இருந்தால், திருட்டு வண்டியா, புதுப்பேட்டை வண்டியா என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். அதே சமயம், நம்பர் சுத்தமாக இருக்கிற ஒரிஜினல் கேஸுக்கு வெளியே ஏக கிராக்கி. (கிராக் இல்லாத கேஸுக்குத்தான்.)

மாமனார் ஒன்றும் பேசவில்லை. வண்டியைத் திருப்பினார். "தள்ளுங்க மாப்ளே" என்றார். தள்ளினேன். பெண் கொடுத்தவர் சொல்லும்போது தள்ளாமல் இருக்க முடியுமா?

என் மச்சினன் மெக்கானிகல் டிப்ளமோ. ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறான். "நாமே இறக்கிப் பாத்துடலாம் அத்தான்" என்றான். இறக்குவது என்றால் போர்ஷே மாதிரி இல்லை, ஆர்.எக்ஸ். எஞ்சினை ஒரு ஆள் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக் கீழே வைத்து விடலாம். கிரேன் வேண்டாம், பொறுமைதான் வேண்டும். பொறுமைக்கு என்னையும், கைவேலைக்கு அவனையும், மேற்பார்வைக்கு மாமனாரையும் நியமித்தோம். நிதி, மாமியார்.

முதல் பாடம், ஸ்க்ரூ. ஜப்பான்காரன் வடிவமைத்த வண்டிகளில் சைடு கவரைப் பிடித்திருக்கும் 'பிளஸ்' ஸ்க்ரூக்கள் பார்க்கத்தான் நம்ம கடைப் பிளஸ் மாதிரி இருக்கும். நிஜத்தில் அது ஜப்பானிய ஸ்டாண்டர்டு. பள்ளத்தின் வடிவம் லேசாக வித்தியாசம். சாதாரண ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுத் திருகினால் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும், இரண்டு தடவையில் பிளஸ் பூஜ்யமாகி விடும். தெரு மெக்கானிக் உளியை வைத்து 'ணங்' என்று அடிப்பது இதனால்தான். அதற்குத்தான் இம்பாக்ட் டிரைவர் என்று ஒரு சாமான் இருக்கிறது. பின்னால் சுத்தியலால் அடித்தால் முன்னால் அமுக்கிக்கொண்டே திரும்பும். ஜி.பி. ரோடில் வாங்கி வந்தோம். முதல் அடியில் ஸ்க்ரூ 'டக்'கென்று விட்டுக் கொடுத்தது. எங்கள் ஆபீசில் சில பேருக்கு இதை சிபாரிசு செய்ய ஆசை.

இரண்டாம் பாடம் யாரும் சொல்லித் தராதது. எஞ்சினை இறக்கும் முன்னாலேயே முரட்டு நட்டுகளைத் தளர்த்தி விட வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட், மேக்னெட், கிளட்ச் எல்லாம் இறுகிப் பிடித்திருக்கும். தரையில் தனியாகக் கிடக்கிற எஞ்சினில் இவற்றைத் திருகினால் எஞ்சின் மொத்தமும் உங்களோடு சுற்றி வரும். வண்டியிலேயே இருக்கும்போது, செயின் மாட்டியிருக்கும்போது, கியரைப் போட்டு, ஒருத்தர் பின் பிரேக்கை அழுத்தி மிதித்தால் உள்ளே எதுவும் அசையாது. நட்டு மட்டும் வரும். பிரேக் மிதிப்பது யார்? மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தார். எட்டு மாசம் கழித்து அந்த சீட்டில் உட்காருகிறார். மிதிக்கச் சொன்னது ஐந்து நிமிஷம். நட்டு எல்லாம் வந்த பிறகும் கொஞ்ச நேரம் மிதித்துக்கொண்டே இருந்தார். மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கண்ணைக் காட்டினேன்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கியர் ஆயிலை இறக்கினோம். ஒரு கால் டம்ளர்தான் வந்தது. நியாயமாக அரை லிட்டருக்கு மேல் வர வேண்டும். "பாருங்க, இதை ஞாபகம் வெச்சுக்கங்க" என்றான் மச்சினன், துப்பறியும் சாம்பு மாதிரி. சைலன்ஸர், கார்பரேட்டர், கிக்கர், கியர் லீவர், செயின் லாக், கிளட்ச் கேபிள், மேக்னெட்டிலிருந்து வரும் வயர், பிளக் மூடி, ஆயில் பம்புக்கு வரும் குழாய் (அதன் வாயை ஒரு ஸ்க்ரூ வைத்து அடைக்காவிட்டால் டூ-டி ஆயில் பூராவும் தரையில் கோலம் போட்டு விடும்). ஒவ்வொன்றையும் கழற்றும் முன் நான் செல்போனில் போட்டோ எடுத்தேன். கடைசியில் எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் நீள போல்ட்டுகள். மச்சினன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பழைய போர்வை மேல் இறக்கினோம். எஞ்சின் போன இடத்தில் வண்டி, பல் செட்டைக் கழற்றி வைத்த பெரியவர் மாதிரி இருந்தது.

நட்டு போல்ட்டுக்கெல்லாம் பாத்திரம் வேண்டுமே? மாமியார் பழைய இட்லித் தட்டு கொடுத்தார். இதைவிடச் சிறந்த கண்டுபிடிப்பு ஆட்டோமொபைல் துறையில் வரவில்லை. குழிக்கு ஒரு பகுதி, தட்டுக்கு ஒரு பக்கம். முதல் தட்டு இடது கவர், இரண்டாம் தட்டு வலது கவர். மிச்சத்துக்கு ஒரு பழைய பிஸ்கெட் டின். "எல்லாம் முடிஞ்சதும் கழுவித் தந்துருவோம் அத்தை" என்றேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் அந்த இட்லித் தட்டு எனக்கே எனக்கு என்று தெரிந்தது.

கேஸைப் பிளப்பதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கேஸ் என்பது சும்மா ஒரு டப்பா இல்லை. ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் அது ஆயில் தொட்டி. இதிலோ, பெட்ரோலும் காற்றும் முதலில் பிஸ்டனுக்குக் கீழே, கேஸுக்குள்தான் வரும். பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவையை அமுக்கி, சிலிண்டர் சுவரில் இருக்கும் வழியாக மேலே அனுப்பும். அதாவது கேஸ் ஒரு சைக்கிள் பம்பு. பம்பில் எங்கே ஓட்டை இருந்தாலும் கதை கந்தல். கிராங்கின் இரண்டு பக்கமும் வெளியே நீட்டுகிற இடத்தில் ரப்பர் ஆயில் சீல் இருப்பது அதற்குத்தான். மேக்னெட் பக்கத்து சீல் போனால் வெளிக் காற்று உள்ளே வரும், எஞ்சின் சூடாகி சீஸ் ஆகலாம். கிளட்ச் பக்கத்து சீல் போனால்? அந்தப் பக்கம் கியர் ஆயில் இருக்கிறது. எஞ்சின் அதை உறிஞ்சிக் குடித்து வெள்ளைப் புகையாக விடும்.

வெள்ளைப் புகை. காணாமல் போன கியர் ஆயில்.

"இருநூறு ரூபாகூட இருக்காது அத்தான், அந்த ரப்பர்" என்றான் மச்சினன். ஆனால் மாமனார் சமாதானம் ஆகவில்லை. "கேஸ்ல கிராக் இல்லைன்னு எப்படிச் சொல்றே? அதைச் சொல்லு முதல்ல."

நியாயமான கேள்வி. கிராக் இருந்தால் ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது உண்மை. மாமனாரின் எஞ்சின் நம்பர் குப்பைக்குப் போகும். ஹெட்டைக் கழற்றி, போரை உருவி, பிஸ்டனை எடுத்து, புல்லர் போட்டு மேக்னெட்டை இழுத்து, கிளட்ச்சைப் பிரித்து, கேஸின் ஸ்க்ரூக்களை எடுத்தோம். ஒட்டியிருக்கும் இரண்டு பாதியைப் பிரிக்க நடுவில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புவது பல பேர் செய்கிற பாவம். அந்த முகம் கண்ணாடி மாதிரி சமமாக இருக்க வேண்டும். ஒரு கீறல் விழுந்தாலும் அங்கே காற்று போகும். மரச் சுத்தியலால் சுற்றிலும் செல்லமாகத் தட்டித் தட்டி, முப்பது வருஷத் தம்பதியைப் பிரிப்பது போல ரொம்ப நேரம் கெஞ்ச வேண்டியிருந்தது.

பிரித்து, கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் பார்த்தோம். ஒரு கோடு இருந்தது. பேரிங் உட்காருகிற இடத்திலிருந்து கீழ் நோக்கி, தலைமுடி அளவில். மாமனார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். யாரும் பேசவில்லை. உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம் மட்டும்.

இந்த மாதிரி சமயத்துக்குப் பழைய மெக்கானிக்குகளிடம் ஒரு வழி உண்டு. கோடு தெரிகிற பக்கத்துக்கு மறுபக்கம், சாக்பீஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் காய விட வேண்டும். கோட்டின் மேல் மண்ணெண்ணெய் விட வேண்டும். மண்ணெண்ணெய் போலீஸ் நாய் மாதிரி. மயிரிழை சந்து இருந்தாலும் நுழைந்து போய் அந்தப் பக்கம் வெள்ளைப் பொடியில் கறையாகத் தெரிந்து விடும். வெறும் அச்சு வார்த்த கோடாகவோ கீறலாகவோ இருந்தால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். ஸ்டவ் காலத்து மண்ணெண்ணெய் ஒரு பாட்டில் பரணில் இருந்தது. ஊற்றினோம்.

ஒரு மணி நேரம் என்று கணக்கு. அத்தை காபி கொடுத்தார். மாமனார் குடிக்கவில்லை, ஆறிப்போய் ஆடை கட்டிக்கொண்டது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்து விட்டு வந்தார். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட்டுக்குக்கூட இவ்வளவு பேர் ஒரே இடத்தைப் பார்த்து உட்கார்ந்ததில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. "இன்னும் அரை மணி இருக்கட்டும்" என்றார் அவரே.

வெள்ளை, வெள்ளையாகவே இருந்தது.

மாமனார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே போய் ஆறின காபியை எடுத்துக் குடித்தார். அப்புறம் வெள்ளைப் பேப்பரும் பென்சிலும் கொண்டு வந்து, எஞ்சின் நம்பர் மேல் பேப்பரை வைத்து, ஆர்.டி.ஓ. ஆபீசில் சேஸிஸ் நம்பருக்கு எடுப்பார்களே அந்த மாதிரி, பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தார். மடித்து ஆர்.சி.யோடு வைத்துக்கொண்டார்.

அதன் உபயோகம் மறுநாள் தெரிந்தது. வீட்டில் செய்ய முடியாத வேலைகள் இரண்டு. ஒன்று, போர். ஆர்.எக்ஸின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரமும் அதே 50. தேய்ந்து போனால் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று பெரிதாகக் கடைந்து, அதற்குத் தக்க பெரிய பிஸ்டன் போடுவார்கள். நல்ல லேத்காரர் பிஸ்டனைக் கையில் வாங்காமல் கடைய மாட்டார். "50.50 போட்டு வைங்க, பிஸ்டன் அப்புறம் வாங்கிக்கறோம்" என்றால் ஆளைப் பார்த்து விட்டு பீடி பற்ற வைப்பார். ஜாக்கெட் அளவெடுக்காமல் தைக்க மாட்டேன் என்கிற டெய்லர் மாதிரி, இவர்களை நம்பலாம். இரண்டாவது, கிராங்க். அதன் ராடு பின் எல்லாம் பிரெஸ்ஸில் அழுத்திச் சேர்த்தது. பிரித்து, புது ராடு போட்டு, மறுபடி அழுத்தி, கோணல் இல்லாமல் சுற்றுகிறதா என்று டயல் வைத்துப் பார்க்க வேண்டும்.

புது பேரிங்குகளும் அங்கேயே ஏற்றி விடலாம், கேஸையும் கொண்டு வா என்றார் லேத்காரர். கேஸா! மாமனார் யாரையும் நம்பவில்லை. போர், கிராங்க், கேஸ் மூன்றையும் வேஸ்ட் துணியில் சுற்றி மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு எலெக்ட்ரிக் ட்ரெயினில் அவரே போனார். பையைப் பரணில் வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டார். பக்கத்து சீட்காரர் இடம் தள்ளி உட்கார்ந்தாராம், பிரசாதமோ என்னவோ என்று. லேத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஸ்டூல் போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பேரிங் ஏற்றி முடிந்ததும் பென்சிலை எடுத்து இன்னொரு அச்சு. பழைய அச்சோடு வைத்து ஒவ்வொரு நம்பராகப் பார்த்தார். லேத்காரர் முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கஸ்டமரைப் பார்த்ததில்லை, ஆனால் கோபித்துக்கொள்ளவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

பூட்டுகிற வேலை கழற்றுகிற வேலையைப் போல இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். கழற்றுவதற்குப் பலம் போதும். பூட்டும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பிரதாயம். பிஸ்டன் தலையில் ஒரு அம்புக்குறி இருக்கும், அது சைலன்ஸர் பக்கம் பார்க்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக் பிஸ்டனில் ரிங் பள்ளத்துக்குள் சின்னதாக ஒரு முள் நிற்கும். ரிங்கின் இரண்டு நுனியும் அந்த முள்ளைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், இல்லையென்றால் சிலிண்டர் சுவரிலுள்ள ஓட்டைகளில் நுனி மாட்டி உடைந்து விடும். கேஸின் முகத்தில் அனபாண்ட் பசையை இட்லிக்கு எண்ணெய் தடவுவது போல மெலிசாகத் தடவ வேண்டும், தோசைக்கு ஊற்றுவது போல ஊற்றக்கூடாது. ஹெட் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

இதில் உயிர் போகிற இடம் பிஸ்டன் பின்னின் லாக். நகம் அளவு ஸ்பிரிங் கம்பி. மச்சினன் மூக்கு பிளையரில் அதைப் பிடித்துக்கொண்டு குனிந்தபோது, "இருடா" என்று மாமனார் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கேஸின் வாயை மூடினார். அடுத்த நொடி லாக் 'விர்'ரென்று துள்ளித் துண்டின் மேல் விழுந்தது. துண்டு இல்லாவிட்டால் நேரே கேஸுக்குள். இரண்டு நாள் வேலையை மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும். டிப்ளமோ, துண்டிடம் தோற்றது.

எல்லாம் முடிந்து எஞ்சினை வண்டியில் ஏற்றி, இட்லித் தட்டுகள் காலியாகி, நாங்கள் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் மச்சினன் முகம் வெளுத்தது. பிஸ்கெட் டின்னில் ஒரு வாஷர் மிச்சம்.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு இந்த பயம் புரியும். ட்ரையல் பேலன்ஸில் எட்டணா இடித்தால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. கியர் ஷாஃப்டில் இந்த மாதிரி மெல்லிசு வாஷர்கள் உண்டு. ஒன்று விட்டுப் போனால் கியர் எங்கேயோ போய் உட்காரும். மச்சினன் தரையில் உட்கார்ந்து விட்டான். "மறுபடி இறக்கணும் அத்தான்." மாமனார் ஈஸி சேரில் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் செல்போனை எடுத்துப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். கியர் செட்டின் போட்டோ: வாஷர்கள் இருந்தன. பூட்டும்போது எடுத்தது: அதே எண்ணிக்கை. கேஸ் மூடும் முன்: சரி. இன்னும் பின்னால், முதல் நாள் காலை. ஒரு ஸ்க்ரூகூட கழற்றாதபோது எடுத்த படம். தரையில் இட்லித் தட்டு, பக்கத்தில் திறந்த பிஸ்கெட் டின். டின்னுக்குள் அந்த வாஷர்.

ஓப்பனிங் ஸ்டாக்!

"அத்தை, இந்த டின்னுல முன்னாடி என்ன இருந்துது?"

"தையல் மிஷின் சாமான். ஏன், அந்த ஓட்டைக் காசு கிடைச்சுதா? ஒரு வருஷமாத் தேடிட்டிருக்கேன்."

கடைசி சடங்கு ஆயில் பம்பு. ஆர்.எக்ஸில் டூ-டி ஆயிலுக்குத் தனி டாங்க், தனி பம்பு. குழாயைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று நின்று விடும். காற்றை வெளியேற்றாமல் ஸ்டார்ட் செய்தால், புது பிஸ்டன் ஆயில் இல்லாமல் ஓடிப் புது போரைப் பிடித்துக்கொள்ளும். செலவழித்ததெல்லாம் ஐந்து நிமிஷத்தில் காலி. பம்பின் ஸ்க்ரூவைத் திறந்து வைத்து, குமிழி நிற்கும் வரை ஆயிலை ஓட விட்டு மூடினோம். அது போதாதென்று மாமனார் டாங்கியில் ஊற்றின பெட்ரோலிலும் லிட்டருக்கு 20 மில்லி கலக்கச் சொன்னார். "ரெண்டு பக்கமும் போனா தப்பில்லே. புகைதானே, பரவாயில்லே."

உதைத்தது மச்சினன். ஏழாவது உதையில் ஒரு இருமல். எட்டாவதில் பிடித்துக்கொண்டது. டர்ர்ர்... கலக்கின ஆயில் எல்லாம் சேர்ந்து நீலப் புகை கார் ஷெட்டை நிரப்பியது. எதிர் வீட்டு மாடியில் ஒருத்தர் லுங்கியோடு வெளியே வந்து, திட்டப் போகிறார் என்று பார்த்தால், கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டே நின்றார். "ஆர்.எக்ஸா ஸார்?" என்றார்.

முதல் 500 கிலோமீட்டருக்கு முறுக்கக் கூடாது, 40-ஐத் தாண்டக் கூடாது என்று மச்சினன் உத்தரவு. மாமனார் அட்சரம் பிசகாமல் அப்படியே ஓட்டுகிறார். ஜி.எஸ்.டி. ரோடில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரெல்லாம் ஓவர்டேக் செய்து திரும்பிப் பார்த்துச் சிரித்து விட்டுப் போகின்றன. நேற்றைக்கு 340 ஆகியிருக்கிறது. பாக்கி 160-ஐ எந்த ரோடில் தீர்ப்பது, 501-ஆவது கிலோமீட்டரில் எந்த சிக்னலில் நிற்பது என்பதெல்லாம் அவர் மனசில் திட்டம் போட்டாகி விட்டது என்று எனக்கு சந்தேகம்.

போன வாரம் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வேண்டுமென்றே அந்த ஒர்க்‌ஷாப் வழியாகப் போனார். வாசலில் நிறுத்தி, ஆஃப் செய்யாமல், காலை ஊன்றிக்கொண்டார். ஒர்க்‌ஷாப்காரர் வெளியே வந்து தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"சத்தம் பிரமாதமா இருக்கே ஸார்! கேஸ் எங்கே வாங்கினீங்க?"

"கம்பெனியிலேயே போட்டுக் குடுத்தாங்கப்பா" என்றார் மாமனார். "தொண்ணூத்தொண்ணுல."